கெடு தாண்டிய சவுரி

செர்வாவிடம் தலையைக் கொடுக்க வருகிற பெண்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். "இப்பத்தான்க்கா, நாலு வாரம் இருக்கும்."  செர்வா முடியை விலக்கி, சவுரி தைத்த பின்னலுக்கும் மண்டைத் தோலுக்கும் நடுவே புதிதாக வளர்ந்து நிற்கிற சொந்த முடியின் பக்கத்தில் தன் சுண்டுவிரலை வைப்பாள். நக அளவு வளர்ந்திருந்தால் ஒரு மாதம். முதல் கணு வரை வந்திருந்தால் இரண்டு மாதம். இரண்டாவது கணு வந்துவிட்டால் அன்றைக்குக் கடையில் யாரும் வாய் திறக்க முடியாது.

"நாலு வாரமா? பத்து வாரம் ஆச்சு. யார்கிட்ட கதை விடற?"

"அவ்வளவா ஆச்சு? நாள் போனதே தெரியலக்கா."

"உனக்குத் தெரியாது. உன் முன்நெத்திக்குத் தெரியும். கண்ணாடியில பாரு."

இருபத்திரண்டு வருடமாக இதே வழக்கு. கானா நாட்டுக் குமாசி நகரத்தில் டாஃபோ போகிற சாலையில், பழைய கப்பல் சரக்குப் பெட்டி ஒன்றுக்குக் கதவும் ஜன்னலும் வெட்டி, நீலச் சாயம் பூசி, 'கர்த்தர் கைவிடார் சலூன்' என்று பெயர் எழுதி வைத்திருக்கிறாள். கர்த்தர் கைவிடமாட்டார், அது சரி. இந்த வாடிக்கைக்காரிகள் ஒரு வாரம் கைவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று அவளுக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

ஒரு தடவை இந்த ரோதனை தாங்காமல் போர்டு எழுதுகிறவனைக் கூப்பிட்டு, கதவில் ஐந்து பெண் தலைகளை வரையச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கீழே கெடுவை எழுதவைத்தாள். கிளிப் மாட்டுகிற முடி, காலையில் மாட்டினால் ராத்திரி கழற்றிவிட வேண்டும். பசை போட்டு ஒட்டுவது இரண்டு வாரம். ஊசி நூலால் தைப்பது ஆறு வாரம். நைலான் முடி சேர்த்துப் பின்னுவது எட்டு வாரம். ஐந்தாவது விக். நைலான் விக் மூன்று மாதத்தில் துடைப்பமாகிவிடும், மனித முடியில் செய்தது ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒரு வருடம் ஓடும். இதற்குள் வந்து பிரித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் செர்வா எழுதவைத்தாள். படித்தவர்களோ, அதுவரைக்கும் ஆடாமல் அசையாமல் இருக்கும் என்று கடைக்காரியே எழுதிக் கொடுத்த உத்தரவாதமாக எடுத்துக்கொண்டார்கள். நாலாவது வாரம் தையல் தளர்ந்தால் சண்டைக்கு வந்தார்கள். ஆறாவது வாரமும் தளராவிட்டால் நாலு மாதம் வரவேயில்லை. போர்டுக்காரன் வேறு ஐந்து பெண்களையும் தன் மாமியார் ஜாடையில் வரைந்து தொலைத்திருந்தான்.

செர்வாவுக்கு இந்த வாரக் கணக்கில் ஏன் இவ்வளவு வெறி என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அவளுடைய சொந்தத் தலையில் முன்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு முடி கிடையாது, காதுக்குக் காது. இருபத்துநாலு வயதில், இத்தாலியில் இருந்த ஒருவன் கிறிஸ்துமஸுக்கு வந்து கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னான். நவம்பரில் சவுரி தைத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸ் ஈஸ்டர் ஆயிற்று, ஈஸ்டர் ஆகஸ்ட் ஆயிற்று. வந்து இறங்குகிற அன்று தலை அழகாக இருக்க வேண்டுமே என்று பிரிக்காமலே வைத்திருந்தாள். கடைசியில் பிரித்தபோது சவுரி தனியாக வரவில்லை, சொந்த முடியையும் வேரோடு கூட்டிக்கொண்டு வந்தது. அவனும் வரவில்லை, முடியும் திரும்ப முளைக்கவில்லை. அவன் போனதில் வருத்தமில்லை என்று செர்வா சத்தியம் செய்வாள். முடி போனதற்குத்தான் இன்னும் வயிறு எரிகிறது. உச்சி வெயிலில் தன் விக்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அந்த நெற்றியோடுதான் வேலை செய்வாள். பார்த்தாவது புத்தி வரட்டும் என்பாள். இதுவரை யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

அசபியாவுக்கும் வரவில்லை.

அசபியா பள்ளிக்கூட டீச்சர், முப்பத்துமூன்று வயது. வகுப்பில் எப்படிப் பிள்ளைகளை அடக்குகிறாளோ, கடையில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. வீட்டிலிருந்த மொத்தக் குரலையும் அவள் அம்மா எடுத்துக்கொண்டுவிட்டாள். அம்மா அஃப்ரகோமா சந்தையில் வெங்காய மொத்த வியாபாரி. வடக்கேயிருந்து லாரி வந்தால், முதல் மூட்டை இறங்குவதற்குள் அவள் சத்தம் சந்தையின் அந்தக் கோடி வரை போய்விடும்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். காலையில் அம்மாவுக்குப் பின்னல். நைலான் முடி சேர்த்து, மெல்லிசாக, நெற்றியிலிருந்து பிடரிக்கு.

"ஈஸ்டர் கூட்டம் வரைக்கும் நிக்குமாடி?"

"எட்டு வாரம் நிக்கும்மா. எட்டாவது வாரம் வந்து பிரிச்சிடணும். ஒன்பதாவது வாரம் வந்தீங்கன்னா வாசல்லயே நிறுத்திடுவேன், சொல்லிட்டேன்."

"வரேன்டி. எங்க ஓடிப்போகப் போறேன்."

மத்தியானம் மகளுக்குச் சவுரி தைப்பு. அம்மா வாங்கிக்கொண்டு வந்த அசல் மனித முடி. பாக்கெட்டில் பிரேசில் என்று போட்டிருந்தது. பிரேசிலில் யார் மொட்டை போட்டுக்கொள்கிறார்கள் என்று செர்வாவுக்குத் தெரியாது, எல்லாப் பாக்கெட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. மகளின் சொந்த முடியைத் தலையோடு ஒட்டப் பின்னி, வளைந்த ஊசியால் பிடரியிலிருந்து வரிசை வரிசையாகத் தைத்துக்கொண்டு போனாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அம்மா ஒவ்வொரு சவுரிப் பட்டையாக எடுத்து, நீவி, நீளம் பார்த்து நீட்டினாள். நீட்டும்போதெல்லாம் ஒரு குறை. இது கோணல், அது இறுக்கம், அவளுக்கு வலிக்கிறது பார். உச்சியில் கடைசி வரிசை பாக்கி இருந்தபோது பொறுமை போய்விட்டது.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் தைப்ப போலிருக்கே. குடு இப்படி."

"அம்மா, இது தலை. வெங்காய மூட்டை இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான்டி. ரெண்டும் கண்ணுல தண்ணி வர வைக்கும்."

ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள். முப்பது வருடமாகச் சாக்கு வாய் தைத்த கை. கண்ணிக்குள் கண்ணி கோத்து ஓடுகிற மூட்டைத் தையலைப் போட்டாள், சந்தையில் போடுகிற அதே வேகத்தில், அதே அழகில். வரிசை இடது காதைப் பார்த்துச் சாய்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் நூல் நுனியைச் செர்வாவிடம் ஆட்டிக் காட்டினாள்.

"இந்த நுனியை இழுத்தா மொத்தமும் அவுந்துடும். உன் கத்திரிக்கு வேலையே இல்ல, பாத்துக்கோ."

"கோணலா இருக்கும்மா. எடுத்துட்டு நான் தைக்கறேன்."

"தொட்டீன்னா கையை ஒடிப்பேன்."

கண்ணாடியில் அசபியா சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து செர்வா பார்த்தது அதுதான் முதல் தடவை. செர்வாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நுனியைச் சவுரிக்குள் திணித்து மறைத்தாள். இந்தக் கோணல் வரிசையை ஊர் பார்த்தால் யார் தைத்தது என்று கேட்கும், கர்த்தர் கைவிடார் என்று பதில் வரும், நினைக்கவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதே வாரம் வெள்ளிக்கிழமை அஃப்ரகோமா சந்தையில் ஒரு மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, வழக்கப்படி, சொந்தபந்தம் கூடிச் சவ அடக்கத்துக்கு நாள் குறித்தது. குடும்பத்துக்குத் தலைவர் அஃப்ரகோமாவின் அண்ணன், பெரியவர் டான்சோ. மார்ச் கடைசிச் சனிக்கிழமை, சொந்த ஊர் அடுமாசாவில் அடக்கம் என்று அவர் அறிவித்தார். கறுப்புத் துணியில் ஓரமாக உட்கார்ந்திருந்த செர்வா விரல் விட்டு எண்ணினாள். அசபியாவுக்குச் சவுரி தைத்து அந்தச் சனிக்கிழமையோடு ஆறாவது வாரம் முடிகிறது. சரி, கெடுவுக்குள் அடங்கிவிடும் என்று நிம்மதியாகச் சோடாவைக் குடித்தாள். அஃப்ரகோமாவைப் பெரிய ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் வைத்தார்கள். படம் போட்ட போஸ்டர் சந்தைச் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது.

மார்ச் மூன்றாவது வாரம், ஜெர்மனியில் ஹாம்பர்க்கிலிருந்து அஃப்ரகோமாவின் மகன் குவாக்கு போன் செய்தான். ஊருக்கு வந்து திரும்ப வேண்டிய குடியிருப்புக் காகிதம் ஏதோ கைக்கு வரவில்லையாம். அம்மா முகத்தைப் பார்க்காமல் குழியில் இறக்கினால் அப்புறம் குடும்பமே வேண்டாம் என்றானாம். மே மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். பழைய போஸ்டரில் தேதி மேல் காகிதத் துண்டு ஒட்டினார்கள்.

மாதக் கடைசியில் செர்வா அசபியாவைக் கூப்பிட்டனுப்பினாள். உட்காரவைத்துச் சுண்டுவிரலை வைத்தாள்.

"ஆறு வாரம் ஆச்சு. இன்னிக்கே பிரிச்சிடலாம்."

"அடக்கம் முடியட்டும்க்கா."

"அடக்கம் மே மாசம். நான் சொல்றதைக் கேளு. இப்பப் பிரிக்கறேன். ரெண்டு வாரம் தலை சும்மா இருக்கட்டும், காத்து படட்டும். முடியை அலசிக் காயவச்சுப் பத்திரமா வைக்கறேன், அசல் முடி, ஒரு வருஷம் உழைக்கும். அடக்கத்துக்கு மொதநாள் அதே முடியை அதே மாதிரி தைச்சுத் தரேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"அதே மாதிரி வராதுக்கா."

"ஏன் வராது? இதைவிட நல்லா வரும். அந்தக் கோணல் வரிசையையும் நேர் பண்ணிடலாம்."

அசபியா எழுந்துவிட்டாள். "அடக்கம் வரைக்கும் இருக்கட்டும்," என்றாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். செர்வா சீப்பை மேஜையில் எறிந்தாள். பத்துப் பெண்களோடு கத்திச் சண்டை போடலாம். கத்தாதவளோடு என்ன செய்வது.

பக்கத்துக் கொட்டகையில் தையல்காரி கிஃப்டிக்கும் இதே தொல்லைதான். அசபியாவின் துக்க உடையை அவள் இரண்டு தடவை பிடித்துத் தைத்துவிட்டாள்.

"இடுப்புல ரெண்டு இஞ்ச் கொறஞ்சுபோச்சு அவளுக்கு. இன்னும் ஒரு தடவை தள்ளிவச்சாங்கன்னா துணியை மடிச்சுக் கைக்குட்டையா குடுத்துடுவேன்," என்றாள் கிஃப்டி.

"உனக்குப் பரவாயில்லடி. துணியைப் பிரிச்சா அதோட சதையும் சேந்து வராது. எனக்கு அவ மண்டையைப் பாத்தா தூக்கம் வரல."

"நீ ஏன் உயிரை விடற? அவ தலை, அவ முடி."

"அவ தலைதான். போர்டு என்னோடது."

அப்படிச் சொன்னாளே தவிர, போர்டுக்காக இல்லை என்று கிஃப்டிக்கும் தெரியும். செர்வாவின் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தையல் மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

ஏப்ரலில் குவாக்குவின் காகிதம் வந்தது. மே இரண்டாவது சனிக்கிழமை நிச்சயம் என்றார்கள். மே முதல் தேதி, அடுமாசாவை ஆளுகிற அரச குடும்பத்தின் மூத்தவள், ராணித்தாய், இறந்துபோனாள். தொண்ணூற்றொரு வயது. தொண்ணூறில் போயிருக்கக்கூடாதா, ஒரு மாதம் பொறுத்திருக்கக்கூடாதா என்று செர்வா வாய்விட்டே கேட்டாள். ராணித்தாயின் காரியம் முடிகிறவரை அந்த ஊரில் வேறு எந்தச் சாவுக்கும் மேளம் கிடையாது, குழி கிடையாது.

பதினொன்றாவது வாரம் அசபியா கடை வழியாகப் போகிறபோது உள்ளங்கையால் தலையைத் தட்டிக்கொண்டே போனாள். சவுரி வைத்தவர்கள் எல்லோரும் தட்டுவார்கள், சொறிய முடியாதே. ஆனால் இவள் தட்டின தட்டு வேறு. செர்வா ஓடிப்போய்ச் சாலையிலேயே பிடித்து நிறுத்தி, நெற்றி ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். தோல் சிவந்து, சின்னச் சின்னப் பருவாகக் கிளம்பியிருந்தது. காதோரத்தில் பின்னல் தன் பாரம் தாங்காமல் நாலைந்து முடியில் தொங்கிக்கொண்டிருந்தது. தன் தலையில் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் பார்த்ததையே அவள் அங்கே பார்த்தாள்.

"அசபியா, இது போயிடும். போனா வராது. என்னைப் பாரு." விக்கை நடுச்சாலையில் கழற்றினாள். ட்ரோட்ரோ வேனில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பாத்திருக்கேன்க்கா."

"பாத்தும்?"

"அடக்கம் முடியட்டும்."

அன்றைக்குச் சாயங்காலம் செர்வா நேராகப் பெரியவர் டான்சோ வீட்டுக்குப் போனாள். தண்ணீர் கொடுத்தார்கள். அவள் குடிக்கிறவரை காத்திருந்து, வந்த காரியம் என்ன என்று முறைப்படி கேட்டார் பெரியவர்.

"முடி விஷயமா வந்தேன்."

பெரியவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "என்கிட்டயா?"

"உங்க மருமக தலைங்க. ஆறு வாரத்துல எடுக்க வேண்டிய சவுரி, பன்னெண்டு வாரம் ஆகப்போகுது. தேதியைத் தள்ளித் தள்ளி வைக்கறீங்க. செத்தவங்களுக்கு அவசரம் இல்ல, இருக்கறவ முடிக்கு இருக்கு."

"ராணித்தாய் படுத்திருக்கா அங்க. உன் சவுரிக்கு நேரமாச்சு, சீக்கிரம் புதைச்சுக்கோங்கன்னு அரண்மனையில போய்ச் சொல்லட்டுமா?"

"அசபியாகிட்டயாவது எடுக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

"பொம்பளைங்க தலைவிஷயத்துல ஆம்பளை வாய் வைக்கறதில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தச் சவுரி நல்லாத்தானே இருக்கு? மேல ஒரு இடத்துல கோணலா இருக்கு, அதை மட்டும் சரி பண்ணிடு," என்றார்.

செர்வா மறுபடி ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தாள்.

ஜூன் நடுவில் ராணித்தாயின் காரியம் முடிந்தது. மறுநாளே அஃப்ரகோமாவுக்குத் தேதி குறித்தார்கள், வருகிற சனிக்கிழமை. போஸ்டரில் இரண்டாவது துண்டு ஒட்டப்பட்டது. குவாக்கு வந்து இறங்கினான். வியாழக்கிழமை அசபியா கடைக்கு வந்தாள்.

"அம்மாவுக்குத் தலை பண்ணணும்க்கா. பழசைப் பிரிச்சிட்டுப் புதுசா, பெரிய கொண்டை வச்சு, தங்கக் கலர் நூல் சுத்தி. மாமா சொன்னாரு. நாளைக்கு மத்தியானம் பிணவறையில விடுவாங்க."

செர்வா முன்பும் செய்திருக்கிறாள். அந்த அலங்காரத்துக்குக் கெடு ஒரு காலைப்பொழுது, பெட்டி மூடுகிறவரை. அதை மட்டும் போர்டில் எழுதவில்லை. அப்போதும் அவள் கண் அசபியாவின் நெற்றியில்தான் இருந்தது. கறுப்புத் துணியை இழுத்துக் கட்டியிருந்தாள், ஒன்றும் தெரியவில்லை.

"சனிக்கிழமை சாயங்காலம் என் நாற்காலியில இருப்பியா?"

அசபியா துணி முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அடக்கம் முடிந்தாலும் இவள் எடுக்கப்போவதில்லை என்று செர்வாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அடக்கம் அடக்கம் என்றதெல்லாம் சும்மா. நாலு மாதமாகத் தன்னை முட்டாளாக்கியிருக்கிறாள் என்று கோபம் தலைக்கேறியது. நாளைக்குப் பேசிக்கொள்கிறேன் என்று சீப்பு, நூல், கத்திரி எல்லாவற்றையும் படபடவென்று பையில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரியில் பிணத்துக்கு உடுத்துகிற அறையில், அஃப்ரகோமா நீள மேஜையில் தோள் வரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். வாயை மூடிக்கொண்டு செர்வா அவளைப் பார்த்ததே இல்லை. அசபியா கதவோரம் நின்றாள். குவாக்கு அரை நிமிடம் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

"வந்துட்டேன்மா," என்று செர்வா சொன்னாள், யார் தலையைத் தொடும் முன்பும் ஏதாவது சொல்லித்தான் தொடுவாள். பின்னலைக் கையில் எடுத்தாள். கத்திரியை இன்னொரு கையில் எடுத்தாள். எடுத்தவள், இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கச் சுண்டுவிரலை வைத்தாள்.

விரலுக்கு இடமில்லை. பின்னல் தோலோடு தோலாக உட்கார்ந்திருந்தது, அன்றைக்கு அவள் கை விட்ட அதே இடத்தில். வேறு இடத்தில் வைத்துப் பார்த்தாள். காதோரம், பிடரி, உச்சி. எங்கும் நக அளவுகூட இல்லை, நகத்தின் ஓரம் அளவுகூட இல்லை. இதுவரை அவள் கை பார்த்த தலைகளில் இப்படி ஒன்று வந்ததில்லை.

கத்திரியைக் கீழே வைத்தாள்.

"என்னக்கா?" என்றாள் அசபியா.

"பிரிக்க வேண்டாம்."

"மாமா கொண்டை..."

"நான் சொன்னா அவர் கேட்டுக்குவாரு. பொம்பளைங்க தலைவிஷயத்துல ஆம்பளை வாய் வைக்கறதில்லன்னு அவரே சொல்லியிருக்காரு. இது நல்லாயிருக்கு அசபியா. எட்டு வாரம் நிக்கும்னு உங்கம்மாகிட்ட சொன்னேன். இன்னும் மூணு நாள்தான் ஆயிருக்கு."

அசபியா மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். "எங்க?"

செர்வா அவள் சுண்டுவிரலைப் பிடித்து அம்மாவின் தலையில் வைத்தாள். அசபியா விரலை அங்கேயே வைத்திருந்தாள், ரொம்ப நேரம்.

"என்னோடதுல எவ்வளவுக்கா?"

 செர்வா அவள் கறுப்புத் துணியை அவிழ்த்து, அதே விரலை எடுத்து அவள் தலையிலேயே, சவுரிக்கடியில் வைத்தாள். வேர் இரண்டாவது கணுவைத் தாண்டியிருந்தது. அசபியா கட்டைவிரலால் அந்தக் கணுவைத் தொட்டுப் பார்த்தாள். அம்மா தலையில் வளராததற்கும் தன் தலையில் வளர்ந்ததற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்க்கிறவள் மாதிரி இரண்டு தலையையும் மாறி மாறித் தொட்டாள்.

"நாலு மாசம் ஆச்சா, அம்மா போயி," என்றாள். யாரோ இப்போதுதான் வந்து சொன்னது போல இருந்தது அந்தக் குரல்.

"ஆச்சு."

"கடைசி வரிசை அவங்க தைச்சதுக்கா."

"தெரியுமே, கோணலா..." என்று ஆரம்பித்துச் செர்வா நிறுத்தினாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. நாலு மாதமாக வேரை அளந்தாள், வாரத்தை எண்ணினாள், கத்தினாள், நடுச்சாலையில் விக்கைக் கழற்றினாள், பெரியவர் வீடு வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். ஏன் எடுக்கமாட்டேன் என்கிறாய் என்று ஒரு தடவை உட்காரவைத்துக் கேட்கவில்லை. அதுவும் போதாதென்று அந்த வரிசையை நேர் செய்து தருகிறேன் என்று வேறு சொல்லியிருக்கிறாள். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையாகவும் வந்தது.

அஃப்ரகோமாவின் பின்னலுக்கு லேசாக எண்ணெய் மட்டும் தொட்டு, ஈரத்துணியால் துடைத்துப் பளபளப்பாக்கினாள். பிறகு வெளியே, வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அசபியா தானே வந்து உட்கார்ந்தாள்.

பிடரியிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரிசையாக நூலை வெட்டி, பட்டையை மெதுவாகத் தூக்கி, அடியில் சிக்கு விழுந்த சொந்த முடியை எண்ணெய் தொட்டு விரலாலேயே பிரித்தாள். பின்பக்கம் பிழைத்திருந்தது. நடுவும் பிழைத்திருந்தது. காதோரத்துக்கு வந்தபோது, என்னதான் மெதுவாகத் தூக்கினாலும், சவுரியோடு சொந்த முடியும் வந்தது, வேரில் சின்ன வெள்ளைப் புள்ளியோடு. இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் போய்விட்டது. செர்வா அதை மடியில் போட்டுக்கொண்டாள், அவள் கண்ணில் படாமல்.

"எவ்வளவு போச்சுக்கா?"

"ஒரு விரல்."

"உங்களுக்கு ரெண்டு."

"எனக்கு ரெண்டு. உனக்கு வரலாம், ஒரு வருஷம் எதையும் வச்சு இழுக்காம இருந்தா. நான் பாத்துக்கறேன்."

அசபியா தலையை ஆட்டினாள். உச்சியில் ஒரே ஒரு வரிசை மிஞ்சியிருந்தது, இடது காதைப் பார்த்துச் சாய்ந்துகொண்டு. செர்வா கத்திரியை எடுக்கவில்லை. சவுரிக்குள் கை விட்டு, பிப்ரவரியில் தான் திணித்து மறைத்த நூல் நுனியைத் தேடி எடுத்தாள். அழுக்கேறி, எண்ணெய் பிடித்து, ஆனால் அறாமல் இருந்தது. அதை அசபியாவின் கையில் கொடுத்தாள்.

அசபியா வெங்காயக்காரியின் மகள். சாக்கு மூட்டையை எந்தப் பக்கம் பிடித்து இழுக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நுனியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். ஜன்னல் வழியாக உள்ளே மேஜையைப் பார்த்தாள்.

பிறகு இழுத்தாள். அம்மா சொன்ன மாதிரியே மொத்தமும் ஒரே இழுப்பில் வந்தது.